ஆட்டைக் கொடுப்பதற்கு முன்: ஆடுபுலி ஆட்டம் பழக வந்த பிள்ளைகளுக்கு

மங்கலம்பேட்டையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் திண்ணை இருந்தவரைக்கும் ஆடுபுலிக் கட்டமும் இருந்தது. திண்ணை போய் கிரில் கேட் வந்த பிறகு கட்டம் கோயில் மண்டபத் தரையிலும் ஏரிக்கரைப் பாறையிலும் மட்டும் தங்கிவிட்டது. இந்தக் கோடை விடுமுறையில் நீங்கள் சில பேர் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. வாயால் சொன்னது மறந்துபோகும் என்பதால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டுக் கட்டத்தின் முன்னால் வந்து உட்காருங்கள்.

1. முதலில் ஆட்டுப் பக்கம் உட்கார். வருகிற பிள்ளை எல்லாம் புலியைத்தான் கேட்கிறது. கொடுக்க மாட்டேன். புலி வைத்திருப்பவனுக்கு ஒரு தாவல் தெரிந்தாலே ஆட்டம் ஓடும். ஆடு வைத்திருப்பவனோ கட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்தாக வேண்டும். தவிர, ஒரு ஆடு வெட்டுப்பட்டால் எவ்வளவு நஷ்டம் என்பது ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தவனுக்குத்தான் உறைக்கும். அது உறைத்த பிறகு புலியைத் தருகிறேன்.

2. கட்டத்தை உன் கையாலேயே வரை. உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு சரிவுக் கோடுகள் விரிந்து கீழே இறங்கி அடிக்கோட்டில் முடியும். நடுவில் மூன்று குறுக்குக் கோடுகள், சரிவுக் கோடுகளைத் தாண்டி இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். இடது நுனிகள் மூன்றையும் ஓர் ஓரக்கோடு மேலிருந்து கீழாகச் சேர்க்கும். வலது பக்கமும் அப்படியே. எண்ணிப் பார்: உச்சி 1, ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் 6, அடிக்கோட்டில் 4, மொத்தம் 23 புள்ளி. புலி 3, ஆடு 15. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை போதும்.

நாம் ஆடும் முறையில் ஒரு புலி உச்சியிலும் மற்ற இரண்டும் அதற்குக் கீழே முதல் குறுக்குக் கோட்டின் நடு இரண்டு புள்ளிகளிலும் நிற்கும். ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக ஆட்டை இறக்குவார். ஒவ்வோர் ஆடு இறங்கியதும் புலி ஒரு நகர்வு. 15 ஆடும் இறங்கி முடிகிறவரை இறங்கிய ஆடு நகரக் கூடாது. ஊருக்கு ஊர் இது மாறும். ஒரே முறையில் புலி இரண்டு தாவல் தாவலாமா, வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆக வேண்டுமா, எத்தனை ஆடு போனால் ஆட்டுக்காரர் தோற்றதாகக் கணக்கு, இவற்றை முதல் காய் விழுவதற்கு முன் பேசி முடித்துவிடு. பேசாமல் தொடங்கும் ஆட்டம் சண்டையில்தான் முடியும். நாம் இங்கே ஒரு தாவல்தான். வெட்டுவது புலியின் விருப்பம்.

3. புலியைப் பார்க்காதே, ஆட்டின் முதுகுப் பக்கம் இருக்கும் வெற்றுப் புள்ளியைப் பார். புலி, ஆடு, வெற்றிடம் மூன்றும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து இருந்தால்தான் வெட்டு. அந்த வெற்றிடம் இல்லையென்றால் ஆட்டின் மூக்குக்கு முன்னால் புலி நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டு 23 புள்ளியையும் தரம் பிரித்துப் பார். உச்சி, இடது ஓரக்கோட்டின் மேல் கீழ் மூலைகள், வலது ஓரக்கோட்டின் மேல் கீழ் மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு முனைகள் ஆக ஏழு புள்ளிகளில் எந்தக் கோடும் அதோடு நின்றுவிடுகிறது. அங்கே நிற்கும் ஆட்டைத் தாண்டிப் போக இடமே கிடையாது. எந்தப் புலியாலும் அதை வெட்ட முடியாது. ஓரக்கோடுகளின் நடுப்புள்ளி இரண்டும் அடிக்கோட்டின் நடுப்புள்ளி இரண்டும் ஒரே ஒரு கோட்டில்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் பன்னிரண்டு புள்ளிகளுக்கு இரண்டு கோட்டிலும் ஆபத்து உண்டு. கண்ணை மூடிக்கொண்டு இந்த ஏழு, நான்கு, பன்னிரண்டைச் சொல்லத் தெரிகிறவரை அடுத்த பாடம் கிடையாது.

4. ஓரத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே வா. தொடக்கத்தில் உச்சியில் புலி இருக்கிறது. மீதி ஆறு பத்திரமான புள்ளிகள் உனக்காகக் காத்திருக்கின்றன. அவற்றில் ஆறு ஆட்டை இறக்கினால், ஓரக்கோட்டின் நடுப்புள்ளிகளும் அடிக்கோட்டின் நடுப்புள்ளிகளும் தாமாகவே பத்திரமாகிவிடும். ஏனென்றால் அங்கே தாவி விழ வேண்டிய இடத்தில் உன் ஆடே நிற்கிறது. ஆகப் பத்து ஆடு ஒரு சேதாரமும் இல்லாமல் நிற்கலாம். அதன் பிறகு மூன்றாவது குறுக்குக் கோட்டில் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாக வை. பக்கத்தில் ஆடு, கீழே ஆடு இருக்கும்வரை அதையும் வெட்ட வழியில்லை.

கெட்டிக்காரப் புலிக்காரர் இதற்கு விட மாட்டார். நீ மூன்றாவது மூலைக்குப் போகும்போதே புலியை ஓரத்தில் கொண்டுவந்து நட்டுவிடுவார். விடு, வரட்டும். ஓரத்துக்கு வந்த புலி சிறைக்குப் பாதி தூரம் வந்த புலி. காரணம் எட்டாவதில் இருக்கிறது.

5. தனி ஆடு கூடாது. எந்த ஆட்டின் பின்னாலும் இன்னோர் ஆடாவது கட்டத்தின் எல்லையாவது இருக்க வேண்டும்.

6. இப்போது பலிக்கு வருவோம். இந்த ஆட்டத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படி. ஓர் ஆட்டைக்கூட இழக்காமல் ஜெயித்துவிடலாம் என்று தொடக்கக்காரர் எல்லோரும் நினைப்பதுண்டு. ஓரத்தில் ஒண்டிக்கொண்டே 15 ஆட்டையும் இறக்கிவிட்டால் பிறகு என்ன செய்வாய்? இறக்குவதற்கு ஆடு இல்லை. நகர்த்தியாக வேண்டும். ஒன்றை நகர்த்தினால் அது நின்ற இடம் காலி; அந்தக் காலியிடத்தில் புலி தாவி விழும். அப்போது போகிற ஆடு சும்மா போகிறது, ஒன்றையும் வாங்கித் தராமல். அதைவிட முன்னாலேயே நீயே இடத்தைத் தேர்ந்து, நேரத்தைத் தேர்ந்து ஓர் ஆட்டைக் கொடுப்பது மேல்.

கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேள். வெட்டிய புலி எங்கே விழும்? அது விழுந்த இடத்தில் அதற்கு எத்தனை வழி மிஞ்சும்? அது அங்கே போனதால் எந்த இடம் எனக்குத் திறந்தது? மூன்றுக்கும் விடை தெரியாமல் கொடுக்கிற ஆடு வீண்.

ஒரு உதாரணம் வைத்துப் பார். இடது ஓரக்கோட்டின் மேல்மூலையில் ஒரு புலி. அதற்குக் கீழே நடுப்புள்ளியில் உன் ஆடு. கீழ்மூலை காலி. இரண்டாவது குறுக்குக் கோட்டில் ஓரத்தை ஒட்டிய இரண்டு புள்ளிகளிலும், மூன்றாவது குறுக்குக் கோட்டில் அதேபோல இரண்டிலும் உன் ஆடுகள் நிற்கின்றன. மற்ற இரண்டு புலிகளும் அந்த நாலு ஆட்டை வெட்ட முடியாத தூரத்தில் இருக்கின்றன. கையில் இறக்க இன்னும் ஆடு உண்டு. புலி நடு ஆட்டை வெட்டிக் கீழ்மூலையில் விழுகிறது. பதறாதே. அது விட்டுப்போன மேல்மூலையில் உடனே ஓர் ஆட்டை வை. மூலை ஆடு, அதை வெட்ட முடியாது. இனி அந்தப் புலிக்கு நடுப்புள்ளி ஒன்றுதான் வழி. அது நடுவுக்கு ஏறினால் கீழ்மூலையை அடை; புலி கட்டு. அது நகராமல் வேறு புலியை நகர்த்தினால் நடுப்புள்ளியில் ஆட்டை வை. அப்போதும் புலி கட்டு. ஓர் ஆட்டுக்கு ஒரு புலி. இப்படிக் கிடைத்தால் தாராளமாகக் கொடு.

இதைக் கல்லும் கொட்டையும் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். நீ மேல்மூலையை விட்டுவிட்டு அவசரத்தில் நடுப்புள்ளியை அடைத்தால், புலி அதையும் வெட்டிக்கொண்டு மேல்மூலைக்கே திரும்பிவிடும். ஒரே ஒரு காய் வரிசை மாறினால் ஒரு பலி இரண்டு பலியாகிறது.

7. பலிக்கு நேரம் முக்கியம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் வேறெங்கும் போக வேண்டியதில்லை. உளுந்தூர்பேட்டையைத் தாண்டினால் கூவாகம். சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ திருநங்கையர் வந்து தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிறார்களே, அந்த அரவானின் கதையைக் கவனமாகக் கேட்டிருக்கிறாயா? பெருந்தேவனாரின் பாரத வெண்பா காலத்திலிருந்து, அதாவது 9ஆம் நூற்றாண்டிலிருந்து, தமிழில் வழங்கும் கதை. இந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது களப்பலி இரவில் ஊரே உட்கார்ந்திருக்கும்.

துரியோதனன் போய்ச் சகாதேவனிடமே நாள் கேட்கிறான். சோதிடம் பொய் சொல்லாது. சகாதேவனும் மறைக்காமல் சொல்கிறான்: அமாவாசையன்று, எல்லா லட்சணமும் பொருந்திய அரவானைப் பலி கொடுப்பவருக்கு வெற்றி. அரவானும் துரியோதனனுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறான். கண்ணன் என்ன செய்தான்? அமாவாசைக்கு முதல் நாளே தர்ப்பணம் செய்ய உட்கார்ந்தான். இதென்ன விபரீதம் என்று சூரியனும் சந்திரனும் ஒன்றாக வந்து நின்றார்கள். இருவரும் சேர்ந்தால் அமாவாசைதானே. ஒரு நாள் முந்திப் பாண்டவர் பக்கம் களப்பலி நடந்துவிட்டது. அதே பலி, அதே வீரன். ஒரு நாள் வித்தியாசத்தில் பலன் இந்தப் பக்கம் வந்தது.

அதில் இன்னொன்றும் உண்டு, அது எனக்கு இதைவிடப் பெரிது. அரவான் சும்மா தலையைக் கொடுக்கவில்லை. கல்யாணம் ஆகாமல் சாக மாட்டேன் என்றான். கண்ணன் மோகினியாக வந்து மணக்க வேண்டியிருந்தது. போர் முழுவதையும் பார்க்க வேண்டும் என்றான். பதினெட்டு நாளும் அந்தத் தலை களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பலியாகிறவனுக்குக் கடன் தீர்த்த பிறகுதான் பலி. கூவாகத்தில் இன்றைக்கும் அந்தக் கடனை அழுது தீர்க்கிறார்கள். கட்டத்தில் வெட்டுப்பட்ட புளியங்கொட்டையை அலட்சியமாகத் தூக்கி எறிகிற பிள்ளையை எனக்குப் பிடிக்காது. எடுத்து உன் பக்கத்தில் வரிசையாக வை. எது எதற்காகப் போனது என்று ஆட்டம் முடிந்ததும் உன்னால் சொல்ல முடிய வேண்டும்.

8. சிறைப்பட்ட புலிக்குக் காவல் செலவு உண்டு. அதைக் கணக்குப் போடாமல் புலியைக் கட்டாதே. மூலையில் நிற்கும் புலியை அடைக்க 4 ஆடு. ஓரக்கோட்டின் நடுவில் நிற்கும் புலிக்கும் 4. உச்சியில் நிற்கும் புலிக்கு நான்கு சரிவுக் கோட்டிலும் இரண்டிரண்டாக 8. ஆகவே உச்சிப் புலியை முதலில் கட்டப் போகாதே. அது கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டியது. மூன்று புலியும் மூன்று மூலையில் தனித்தனியாக அடைபட்டால் 12 ஆடு காவலுக்கே போய்விடும். அப்படியானால் அதற்குள் நீ மூன்று ஆட்டுக்கு மேல் இழந்திருக்கக் கூடாது.

ஆனால் புலிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து நின்றால் அவையே ஒன்றின் வழியை ஒன்று அடைத்துக்கொள்ளும். இடது ஓரக்கோட்டின் மூன்று புள்ளியிலும் மூன்று புலி வரிசையாக நிற்கட்டும். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் அவற்றுக்கு எதிரே இரண்டிரண்டு ஆடு நிறுத்து. ஆறே ஆட்டில் ஆட்டம் முடிந்தது. ஒன்பது ஆடுதான் மிச்சம் என்று கையைத் தூக்கிவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒன்பதில் ஆறு போக மூன்று உபரி! புலிகளை எங்கே தள்ளுகிறாய் என்பதில்தான் காவல் செலவு ஏறுவதும் இறங்குவதும்.

9. சும்மா நகர்த்துவதற்கு ஓர் ஆடு வைத்துக்கொள். நிறையப் பேர் தோற்பது இங்கேதான், ஆனால் ஏன் தோற்றோம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. இரண்டு புலியை அழகாகக் கட்டியிருப்பார்கள். மூன்றாவது அலைந்துகொண்டிருக்கும். 15 ஆடும் இறங்கிவிட்டது. இப்போது முறை உன்னுடையது. நகர்த்தாமல் இருக்க முடியாது. காவல் ஆட்டைத் தவிர நகர்த்த வேறு ஆடு இல்லை. காவலைப் பிரித்தாய், சிறை உடைந்தது.

ஆகவே எந்தக் காவலிலும் சேராத ஓர் ஆடு போய்வர ஒரு பத்திரமான பாதை வேண்டும். வலது ஓரக்கோட்டின் கீழ்மூலையில் ஓர் ஆடு அசையாமல் நிற்க, இன்னோர் ஆடு மேல்மூலைக்கும் நடுப்புள்ளிக்கும் போய்வந்துகொண்டே இருக்கலாம். மேல்மூலையில் வெட்டே கிடையாது. நடுவில் நிற்கும்போது கீழே ஆடு இருப்பதால் வெட்ட முடியாது. அது மேலே இருக்கும் சமயம் பார்த்துப் புலி நடுவில் புகுந்தால் இன்னும் நல்லது: மேலும் கீழும் உன் ஆடு, பக்கவாட்டில் இரண்டு ஆட்டை வைத்தால் அந்தப் புலியும் உள்ளே. முடிந்தவரை ஆடு இறக்கும் கட்டத்திலேயே ஒரு புலியையாவது கட்டிவிடு. கையில் இறக்க ஆடு இருக்கும்வரை காவலை அசைக்க வேண்டிய கட்டாயம் வராது.

10. புலி கேட்டவர்களுக்குச் சில வார்த்தை. கண்ணில் பட்ட ஆட்டை எல்லாம் வெட்டாதே. உனக்கு வைத்த பலியா, அவன் கவனக்குறைவா என்று பார். வெட்டினால் எங்கே விழுவேன், அங்கிருந்து இரண்டு வழியாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள். ஓரத்தில் தேவைக்கு மேல் நிற்காதே, மூன்று புலியும் ஒரே பக்கம் சேராதே. உச்சியில் ஒன்றை விட்டுவைத்தால் அதை அடைக்க அவன் எட்டு ஆட்டைத் தேட வேண்டும். ஆனால் அங்கேயே சுகமாக உட்கார்ந்துவிட்டால் மற்ற இரண்டும் தனியாக மாட்டிக்கொள்ளும். ஆடு இறங்கும் நேரம்தான் உன் அறுவடைக் காலம்.

11. கணினியில் ஆடும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். 'கல்ட் ஆஃப் தி லாம்ப்' என்று 2022இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆட்டத்தை என் பேரன் எனக்குக் காட்டினான். பலியிடப்பட்ட ஆட்டுக்குட்டி உயிர்த்தெழுந்து, ஒரு இருட்டுத் தெய்வத்தின் பேரில் கூட்டம் சேர்க்கிறது. சேர்ந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும், அவர்கள் நம்பிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எதிர்த்துப் பேசுகிறவனைச் சிறையில் போடலாம், சடங்கில் பலியும் கொடுக்கலாம். உட்கார்ந்து பார்த்தேன். நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். பலி கொடுத்தால் ஒரு முறைதான் பலன், வைத்துக்கொண்டால் நாள்தோறும் வேலை நடக்கும் என்ற கணக்கு அதிலும் ஓடுகிறது. சிறையில் இருப்பவனையும் மறந்துவிட முடியவில்லை. அதில் நன்றாக ஆடுகிற பிள்ளைக்கு இங்கே ஆறாவதும் எட்டாவதும் சீக்கிரம் பிடிபடும். ஒரே வித்தியாசம், அங்கே பலி கொடுப்பவன் மேலே நின்று கொடுக்கிறான். இங்கே நீயே ஆட்டுக் கூட்டம். போவதும் உன் ஆள், நிற்பதும் உன் ஆள்.

நேபாளத்தில் 'பாக் சால்' என்று நம் ஆட்டத்துக்கு ஓர் உறவுக்கார ஆட்டம் உண்டு: 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. அங்கே ஐந்து ஆடு போனால் புலி ஜெயித்தது. அதைக் கணினியில் போட்டு முழுக்க ஆராய்ந்தவர்கள், இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் யாருக்கும் வெற்றி இல்லை, சமன்தான் என்று கண்டார்கள். புலியைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைக்கு இதை அடிக்கடி சொல்வேன். ஆடு பலவீனமான பக்கம் கிடையாது.

12. தோற்ற ஆட்டத்தைக் கலைக்காதே. எந்தப் புள்ளி முதலில் காலியாக விடப்பட்டது என்று இருவரும் சேர்ந்து பின்னோக்கித் தேடுங்கள். பெரும்பாலும் அது கடைசி வெட்டுக்கு நாலைந்து நகர்வுக்கு முன்னால் இருக்கும். ஜெயித்தவரும் கூட உட்கார்ந்து தேட வேண்டும். எழுந்து போகக் கூடாது.

13. நாளைக்கு வரும்போது இதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். அடிக்கோட்டின் இடது முனையிலிருந்து வரிசையாக மூன்று புள்ளியில் மூன்று புலி நிற்கிறது. மூன்றையும் அடைக்க எத்தனை ஆடு வேண்டும், எந்தெந்தப் புள்ளியில்? ஓரக்கோட்டில் ஆறு போதும் என்றேனே, இங்கே அதைவிட ஏன் கூடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.